ஸ்னாப்ஷாட் இருக்கு... ஆனா திறக்க மாட்டேங்கு! என்ன காரணம்?

"அதான் பேக்கப் இருக்குல்லாண்ணே, அப்புறம் என்ன பயம்?"

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. பல நேரங்களில் பிரச்னை தொடங்குவதே இதற்குப் பிறகுதான். பேக்கப் என்று நம்பி வைத்திருந்த ஸ்னாப்ஷாட் நகலைத் திறக்கப் போனால், கம்ப்யூட்டர் "முடியாது" என்று கையை விரித்துவிடும். நகல் கண்ணுக்குத் தெரிகிறது, அளவும் சரியாகக் காட்டுகிறது, உள்ளே மட்டும் போக முடியவில்லை.

தென்காசிக்கு வடக்கே, கொல்லம் - திருமங்கலம் சாலையில் இருக்கிறது கடையநல்லூர். வளைகுடா நாடுகள், மலேசியா, சிங்கப்பூர் என்று வீட்டுக்கு ஒருவராவது வெளியே இருக்கும் ஊர். சிங்கப்பூரில் 1941-லேயே ‘சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக்’ என்று சங்கம் வைத்தவர்கள். இந்த ஊரில் கல்யாண வீடியோ என்பது வெறும் ஞாபகார்த்தம் அல்ல. லீவு கிடைக்காமல் துபாயில் உட்கார்ந்திருக்கும் அண்ணனுக்கும், சிங்கப்பூரில் இருக்கும் சாச்சாவுக்கும் அதுதான் கல்யாணமே.

இங்கே ஒரு போட்டோ ஸ்டூடியோ இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாலைந்து வருடத்துக் கல்யாணங்கள் ஒரு ‘நாஸ்’ பெட்டியில் இருக்கின்றன. நாஸ் என்றால் ரவுட்டரோடு இணைத்து, கடையிலுள்ள எல்லா கம்ப்யூட்டருக்கும் பொதுவாக வைக்கும் சேமிப்புப் பெட்டி. மணிக்கொரு தடவை ஸ்னாப்ஷாட் எடுக்கும்படி அமைத்தாயிற்று. ஒருநாள் பெட்டி படுத்துவிட்டது. வட்டைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால், ஏற மாட்டேன் என்கிறது. இப்போது என்ன செய்வது? அதைவிட முக்கியம், என்ன செய்யக் கூடாது?

முதலில், ஸ்னாப்ஷாட் என்பது என்ன?

பேரைக் கேட்டால் முழு வட்டையும் போட்டோ எடுத்து வைத்தது மாதிரி தோன்றும். உண்மையில் அப்படி எதுவும் எடுக்கப்படுவதில்லை. நூற்றுக்கணக்கான ஜிபி உள்ள வட்டுக்கு ஒரு நொடியில் ஸ்னாப்ஷாட் எடுத்துவிட முடிகிறதே, அதிலிருந்தே இது புரியும். அவ்வளவு தரவை ஒரு நொடியில் நகலெடுக்க எந்த இயந்திரத்தாலும் முடியாது.

பஜாரில் கணக்குப் பேரேடு வைத்திருக்கும் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். இன்று காலை பத்து மணி நிலவரம் அப்படியே வேண்டும் என்று முதலாளி சொல்கிறார். கணக்கர் பேரேடு முழுவதையும் திருப்பி எழுதமாட்டார். பக்கத்தில் ஒரு சின்ன நோட்டை வைத்துக்கொள்வார். பத்து மணிக்கு மேல் பேரேட்டில் எந்த வரியைத் திருத்த வேண்டி வந்தாலும், பழைய வரியை முதலில் சின்ன நோட்டில் எழுதிவிட்டு, பிறகு திருத்துவார். பத்து மணி நிலவரம் யாருக்காவது வேண்டுமென்றால், மாறாத வரிகளைப் பேரேட்டிலும், மாறிய வரிகளைச் சின்ன நோட்டிலும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம்.

லினக்ஸில் ‘எல்விஎம்’ எனும் வட்டு மேலாண்மை முறையின் பழைய பாணி ஸ்னாப்ஷாட் கிட்டத்தட்ட இப்படித்தான் வேலை செய்கிறது. பிடிஆர்எஃப்எஸ் போன்ற புதிய கோப்பு அமைப்புகள் கொஞ்சம் வேறு வழியில் போகின்றன. பழைய வரியில் கையே வைக்காமல், திருத்தத்தைப் புதிய இடத்தில் எழுதிவிடும். முறை எதுவானாலும், பேரேடு எரிந்துபோனால் சின்ன நோட்டை மட்டும் வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஸ்னாப்ஷாட்டும் அசல் இருக்கும் அதே வட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது. வட்டு போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

‘மவுண்ட்’ என்பது இன்னொரு வார்த்தை. வட்டில் இருக்கும் தரவு வெறும் எண்களின் குவியல். அதைப் படித்து, கோப்புறை, கோப்பு என்று நம் கண்ணுக்குத் தெரியும்படி இயங்குதளத்தோடு இணைப்பதுதான் மவுண்ட். ‘ஏற்றுதல்’ என்று சொல்லலாம். விண்டோஸில் பென்டிரைவைச் செருகியதும் தானாக நடந்துவிடுவதால் இந்த வேலை நம் கவனத்துக்கே வருவதில்லை.

ஒரே ஆதார் எண்ணில் இரண்டு பேர்

ஒவ்வொரு கோப்பு அமைப்பையும் உருவாக்கும்போதே அதற்கென்று ஒரு நீளமான அடையாள எண் கொடுக்கப்படுகிறது. ‘யூயூஐடி’ என்பார்கள். உலகத்தில் இன்னொன்றுக்கு அதே எண் வராது என்பது கணக்கு. நகல் எடுக்கும்வரை அந்தக் கணக்கு சரிதான். அச்சு அசலாக நகலெடுத்தால், அடையாள எண்ணும் சேர்ந்தே நகலாகிவிடும்.

பல லினக்ஸ் சர்வர்களில் இருக்கும் எக்ஸ்எஃப்எஸ் என்ற கோப்பு அமைப்பு இந்த விஷயத்தில் கறார். 1990-களில் அமெரிக்காவின் சிலிகான் கிராஃபிக்ஸ் நிறுவனம் உருவாக்கியது அது. அசல் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருக்கும்போது, அதே கம்ப்யூட்டரில் அதன் ஸ்னாப்ஷாட்டை ஏற்றப் போனால், ‘இதே எண்ணில் ஒருவர் உள்ளே இருக்கிறார்’ என்று வாசலிலேயே நிறுத்திவிடும்.

இதில் ஒரு வம்பு இருக்கிறது. மறுப்புக்கான உண்மையான காரணம் பெரும்பாலும் திரையில் வருவதில்லை. ‘கோப்பு அமைப்பின் வகை தவறு, அல்லது கொடுத்த விருப்பம் தவறு, அல்லது சூப்பர்பிளாக் கெட்டிருக்கிறது’ என்று பொத்தாம்பொதுவாக ஒரு வரி வரும். கைக்குப் பக்கத்தில் இருக்கும் எல்லா நோயின் பேரையும் சொல்லிவைக்கிற வைத்தியர் மாதிரி. அடையாள எண் மோதுகிறது என்ற சரியான காரணம், கர்னல் தன் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருக்கும் பதிவில் இருக்கும். ‘டிமெஸ்ஜ்’ என்ற கட்டளையைக் கொடுத்தால் அது தெரியும்.

அதைப் பார்க்காதவர் என்ன செய்வார்? ‘கெட்டிருக்கிறது’ என்ற சொல் மட்டும் மனதில் தங்கும். பழுதுபார்க்கும் கட்டளையைத் தேடி எடுத்து ஓட்டுவார். எக்ஸ்எஃப்எஸ் பழுதுபார்ப்பில் ‘எல்’ என்று ஒரு கட்டாய விருப்பம் இருக்கிறது. இன்னும் எழுதி முடிக்கப்படாத குறிப்புகளை அது துடைத்துவிடும். எந்தக் கோளாறும் இல்லாத நகலை, கோளாறு உள்ளதாக ஆக்கிய பெருமை அப்போது நம்முடையதாகிவிடும்.

ஏறவில்லை என்றால் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. பெரும்பாலான நேரங்களில் அது காவல்காரர் போடும் தடை. சேதம் நடப்பது தடையின்போது அல்ல; பதற்றத்தில் அடுத்த அரைமணி நேரம் நாம் செய்யும் வேலைகளில்.

எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கு வழி எளிது. ஏற்றும்போது ‘நோயூயூஐடி’ என்ற விருப்பத்தைச் சேர்த்தால், எண்ணைப் பார்க்காமல் உள்ளே விட்டுவிடும். நிரந்தரமாகப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளப் போகிறோம் என்றால், நகலுக்குப் புது எண் கொடுத்துவிடலாம். அசலில் கை வைக்க வேண்டியதில்லை.

பேரேட்டில் ஏறாத வரிகள்

ஸ்னாப்ஷாட்டைப் படிக்க மட்டும்தானே போகிறோம், எழுதப் போவதில்லையே என்று ‘ரீட் ஒன்லி’யாக ஏற்றப் பார்த்தாலும் சில நேரம் மறுக்கும். விசித்திரமாகத் தோன்றும். காரணம் நம் கணக்குப் பாடத்திலேயே இருக்கிறது.

வணிகவியல் படித்தவர்களுக்குத் தெரியும்: வரவு செலவை முதலில் குறிப்பேட்டில் எழுதி, அதிலிருந்துதான் பேரேட்டில் ஏற்றுவார்கள். கோப்பு அமைப்பும் அப்படித்தான். மாற்றங்களை ‘ஜர்னல்’ என்ற குறிப்பேட்டில் முதலில் எழுதி, பிறகு உரிய இடத்தில் ஏற்றும். ஆங்கிலத்தில் இரண்டுக்குமே பெயர் ஜர்னல்தான். நடுவில் கரண்ட் போனாலும், திரும்ப வந்ததும் குறிப்பேட்டைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடரும்.

ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரில் எடுத்த ஸ்னாப்ஷாட், சரியாக அந்த நொடியில் பிளக்கைப் பிடுங்கிய நிலைதான். குறிப்பேட்டில் சில வரிகள் பேரேட்டில் ஏறாமல் நிற்கக்கூடும். ஏற்றும்போது கோப்பு அமைப்பு முதலில் அந்த வரிகளை எழுதி முடிக்கப் பார்க்கும். நாம் படிக்க மட்டும் என்று சொன்னாலும் சரி, இந்த ஒரு எழுத்து வேலையை அது செய்தே தீரும். லினக்ஸில் பரவலாக இருக்கும் இஎக்ஸ்டி4-ம் இதையேதான் செய்கிறது. ஸ்னாப்ஷாட்டோ எழுத முடியாதபடி பூட்டப்பட்டிருக்கிறது. எழுத வேண்டும், எழுத முடியாது. எனவே ஏறாது.

இதற்கும் வழி உண்டு. எக்ஸ்எஃப்எஸ்ஸில் ‘நோரெகவரி’, இஎக்ஸ்டி4-ல் ‘நோலோட்’ என்ற விருப்பம். குறிப்பேட்டைத் தொடாமல், பேரேட்டில் உள்ளதை மட்டும் காட்டு என்று அர்த்தம். கடைசி நேரத்து மாற்றங்கள் தெரியாமல் போகலாம், ஓரிரு கோப்புகள் அரைகுறையாகவும் இருக்கலாம். கல்யாண வீடியோக்களை வெளியே எடுக்க இது போதும். டேட்டாபேஸ் என்றால் போதாது. அங்கே எழுத முடிகிற ஸ்னாப்ஷாட் ஒன்றை உருவாக்கி, குறிப்பேட்டை முழுவதும் ஏற்ற விடுவதுதான் சரி.

சத்தம் போடாத ஆசாமி

இதுவரை சொன்னவை எல்லாம் மறுக்கிற ரகம். மறுக்காமல் உள்ளே விட்டுவிட்டு, பிறகு கதையை முடிக்கிற ரகம் ஒன்று இருக்கிறது. நம் ஸ்டூடியோவுக்கு உண்மையான ஆபத்து அங்கேதான்.

பிடிஆர்எஃப்எஸ் என்று மேலே சொன்னோமே, பல நாஸ் பெட்டிகளில் ஸ்னாப்ஷாட் வசதி தருவது அதுதான். செல்லமாக ‘பட்டர் எஃப்எஸ்’ என்றும் சொல்வார்கள்; வெண்ணெய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 2007-ல் ஆரக்கிள் நிறுவனத்தில் தொடங்கியது. ஒரே கோப்பு அமைப்பைப் பல வட்டுகளில் விரித்துப் போட முடியும் என்பது அதன் பலம். அந்த வட்டுகளெல்லாம் ஒரே குடும்பம் என்று எப்படிக் கண்டுபிடிக்கும்? அடையாள எண்ணை வைத்துத்தான். குடும்ப எண் ஒன்று, குடும்பத்துக்குள் ஒவ்வொரு வட்டுக்கும் ஒரு வரிசை எண்.

நாஸ் பெட்டிக்குள்ளேயே ஸ்னாப்ஷாட்டைத் திறந்து பார்ப்பதில் ஆபத்து ஒன்றுமில்லை. அது ஒரு கோப்புறை மாதிரிதான் திறக்கும். ஆபத்து வட்டை வட்டாக நகலெடுக்கும்போது வருகிறது.

வட்டு தகராறு செய்கிறது என்று தெரிந்ததும், விவரமான டெக்னீஷியன் முதலில் செய்வது அதை இன்னொரு வட்டுக்கு அப்படியே, எழுத்துக்கு எழுத்து நகலெடுப்பது. சரியான வேலை, பாராட்ட வேண்டும். அடுத்து, "அசலும் நகலும் ஒண்ணா இருக்கான்னு பாத்துருவோம்ணே" என்று இரண்டையும் ஒரே கம்ப்யூட்டரில் மாட்டுகிறார். விபத்து இங்கே நடக்கிறது.

இரண்டு வட்டிலும் ஒரே குடும்ப எண், ஒரே வரிசை எண். பிடிஆர்எஃப்எஸ்ஸைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே வட்டு. கடைசியாகக் கண்ணில் பட்டதை அது எடுத்துக்கொள்ளலாம். நகலைத் திறந்திருக்கிறோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, எழுதப்படுவது அசலில். பழைய கர்னல்களில் நிலைமை இன்னும் மோசமாகி, இரண்டுமே பாழாகக்கூடும். அசலோ நகலோ, இரண்டும் ஒரே கம்ப்யூட்டரின் கண்ணுக்குத் தெரியும் நிலையில் எதையும் ஏற்றாதீர்கள் என்று பிடிஆர்எஃப்எஸ் உருவாக்குநர்களே பல வருடங்களாக எச்சரித்துவருகிறார்கள்.

ஆகவே ஒரு நேரத்தில் ஒரு வட்டுதான். அசலைக் கழற்றி, மேலே மார்க்கர் பேனாவால் தேதியும் ‘அசல்’ என்றும் எழுதி, பீரோவில் வைத்துவிட்டு, நகலை மட்டும் மாட்ட வேண்டும். இரண்டையும் சேர்த்து மாட்டியே ஆக வேண்டுமென்றால், நகலுக்கு முதலில் புது எண் கொடுக்க வேண்டும். அதற்கென்று ‘பிடிஆர்எஃப்எஸ் டியூன்’ என்ற கருவி இருக்கிறது. மெட்டாடேட்டா முழுவதையும் திருப்பி எழுதும் முறையைத் தேர்ந்தெடுத்தால் நேரம் பிடிக்கும், நடுவில் கரண்ட் போகக் கூடாது. யுபிஎஸ் இல்லாத கடையில் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

எல்விஎம்முக்கும் இந்த நகல் வட்டுத் தகராறு உண்டு. அங்கே ஆபத்து குறைவு. இரட்டை வட்டு என்று புகார் சொல்லிவிடும். புது எண் கொடுத்து நகலை உள்ளே சேர்க்க ‘விஜி இம்போர்ட் குளோன்’ என்ற கட்டளை இருக்கிறது.

விண்டோஸிலும் நகல் வட்டை மாட்டினால், இன்னொரு வட்டோடு கையொப்பம் மோதுகிறது என்று சொல்லி ஆஃப்லைனில் வைத்துவிடும். அதை ஆன்லைனுக்குக் கொண்டுவந்தால் புதுக் கையொப்பம் எழுதப்படும். தரவு வட்டுக்குப் பரவாயில்லை. விண்டோஸ் இருக்கும் வட்டின் நகல் என்றால், பிறகு அது பூட் ஆகாமல் அடம்பிடிக்கலாம். லினக்ஸ் வட்டை விண்டோஸில் மாட்டினால் கதை வேறு: அதன் எழுத்தே விண்டோஸுக்குப் புரியாது. சில சமயம் ‘ஃபார்மேட் செய்யவா?’ என்று கேட்கும். எத்தனை தடவை கேட்டாலும் வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

சின்ன நோட்டு தீர்ந்துபோனால்?

எல்விஎம்மின் பழைய பாணி ஸ்னாப்ஷாட்டுக்கு இவ்வளவு இடம் என்று முதலிலேயே ஒதுக்க வேண்டும். அசலில் மாற்றங்கள் கூடக்கூட அந்த இடம் நிறையும். நூறு சதவீதம் ஆனதும் ஸ்னாப்ஷாட் செல்லாததாகிவிடும். இனி எந்த விருப்பத்தைக் கொடுத்தாலும் ஏறாது, மீட்கவும் வழியில்லை. அசலுக்கு ஒன்றும் ஆகாது என்பதுதான் ஒரே ஆறுதல். இடம் தானாகப் பெரிதாகும் வசதி உண்டு, ஆனால் இயல்பான அமைப்பில் அது அணைந்தே இருக்கும். நாமாகப் போய்த்தான் போட வேண்டும்.

கிளவுடிலும் இதே பாடம்தான். அமேசான் கிளவுடில் சர்வரின் ஸ்னாப்ஷாட்டிலிருந்து வட்டு உருவாக்கி, அதே சர்வரில் மாட்டினால் அங்கேயும் எண்கள் மோதும். மறுதொடக்கத்தில் பழைய நகலிலிருந்தே சர்வர் எழுந்துவிடுவதும் நடக்கும். அப்படி உருவாக்கிய வட்டு ஆரம்பத்தில் மெதுவாகவும் இருக்கும். ஒவ்வொரு துண்டையும் நாம் முதல் தடவை கேட்கும்போதுதான் அது இழுத்துவருகிறது.

பெரிய இடத்திலும் நடந்தது

2017 ஜனவரி 31. உலகம் முழுக்க நிரலாளர்கள் பயன்படுத்தும் கிட்லேப் தளத்தில், ஒரு பொறியாளர் துணை டேட்டாபேஸில் செய்ய நினைத்த அழிப்பு வேலையை, தவறுதலாக முதன்மை டேட்டாபேஸில் செய்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபி-யில் 4.5 ஜிபி-தான் மிச்சம்.

பேக்கப்? தினசரி பேக்கப் போய்ச் சேர வேண்டிய இடம் காலியாக இருந்தது. மென்பொருள் பதிப்பு பொருந்தாததால் அது ஓடவே இல்லை. ஓடவில்லை என்று சொல்ல வேண்டிய மின்னஞ்சலும் போய்ச் சேரவில்லை. அஷூர் கிளவுடின் வட்டு ஸ்னாப்ஷாட் வசதி டேட்டாபேஸ் சர்வர்களுக்குப் போடப்பட்டிருக்கவில்லை. கடைசியில் கைகொடுத்தது, சுமார் ஆறு மணி நேரம் முன்பு வேறு ஏதோ சோதனைக்காக ஒருவர் கையால் எடுத்துவைத்த எல்விஎம் ஸ்னாப்ஷாட். அதிலிருந்து தரவை நகலெடுக்கவே சுமார் 18 மணி நேரம் ஆனது. இடைப்பட்ட நேரத்தில் பதிவான ஏறத்தாழ 5,000 திட்டங்களின் விவரங்களும், 5,000 கருத்துகளும், 700 புதுக் கணக்குகளும் திரும்பி வரவில்லை. நடந்ததை ஒளிக்காமல், மீட்பு வேலையையே அவர்கள் யூடியூபில் நேரலை செய்தார்கள். நம் ஊர் நிறுவனங்கள் கற்றுக்கொள்ள வேண்டிய பழக்கம்.

2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து சர்வர்கள் தாக்கப்பட்டு, சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. ஓபி சீட்டு முதல் அட்மிஷன் வரை எல்லாம் கையெழுத்துக்கு மாறியது. பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வரிலிருந்துதான் இ-ஹாஸ்பிடல் தரவு மீட்கப்பட்டது. பெரும்பாலான சேவைகள் திரும்ப இரண்டு வாரம் ஆனது. தனியாக ஒரு நகல் இருந்ததால் தப்பித்தார்கள். பணம் கேட்டு மிரட்டும் வைரஸ்கள் உள்ளே வந்ததும் முதலில் தேடி அழிப்பது அதே இயந்திரத்தில் இருக்கும் ஸ்னாப்ஷாட்களைத்தான். 2017-ல் உலகை உலுக்கிய வானாக்ரை, விண்டோஸின் ‘ஷேடோ காப்பி’களை அப்படித்தான் அழித்தது.

கம்பெனிகளுக்குச் சட்டமும் இருக்கிறது. 2022 ஆகஸ்ட்டில் திருத்தப்பட்ட விதிப்படி, கணினியில் கணக்கு வைக்கும் நிறுவனங்கள் தினமும் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் பேக்கப் வைக்க வேண்டும். அந்தக் கணக்குகள் எப்போதும் எடுத்துப் பார்த்துப் பயன்படுத்தும் நிலையில் இருக்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது. ஏறாத ஸ்னாப்ஷாட்டை ஆடிட்டரிடம் காட்டி என்ன பயன்?

சரி, ஸ்டூடியோக்காரர் என்ன செய்யலாம்?

பெட்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருநாள் உட்கார வேண்டும். ஒரு ஸ்னாப்ஷாட்டைத் திறந்து, ஏதாவது ஒரு பழைய கல்யாணத்தை வெளியே எடுத்து, வீடியோவை நடுவில் ஓட்டிப் பார்க்க வேண்டும். கோப்பின் பெயர் தெரிந்தால் மட்டும் போதாது, ஓட வேண்டும். அப்படியே வெளியே ஒரு யுஎஸ்பி வட்டுக்கு, கோப்பு கோப்பாக ஒரு நகல் எடுத்து வீட்டில் வைத்துவிடலாம். கோப்பு கோப்பாக எடுத்தால் அடையாள எண் கூடவே வராது. மேலே சொன்ன மோதல் எதுவும் இல்லை. வட்டுக்குப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருந்தால், அந்த மீட்புச் சாவியை அதே பெட்டிக்குள் சேமித்துவைக்காமல் ஒரு காகிதத்தில் எழுதி வைப்பது உத்தமம். இப்படிச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், நம்புங்கள்.

பெட்டி படுத்த பிறகு என்றால், சர்வீஸ் கடைக்காரரிடம் மூன்றே விஷயம் கேளுங்கள். அண்ணே, அசலில் எதையும் எழுதாமல் முதலில் நகல் எடுப்பீங்களா? இரண்டையும் ஒரே நேரத்தில் மாட்டமாட்டீங்களே? ஏறலைன்னா, பழுதுபார்க்கும் கட்டளையை ஓட்டுறதுக்கு முன்னாடி கர்னல் பதிவைப் பார்ப்பீங்களா? மூன்றாவது கேள்விக்கு அவர் "அது எதுக்கு?" என்று திருப்பிக் கேட்டால், வட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டலாம்.

2024 ஜனவரியில் வந்த லினக்ஸ் 6.7 கர்னலில், ஒற்றை வட்டு பிடிஆர்எஃப்எஸ்ஸின் நகலைத் தற்காலிக எண் கொடுத்து அசலோடு சேர்த்து ஏற்றும் வசதி வந்துவிட்டது. ஆனால் கடைகளில் இருக்கும் நாஸ் பெட்டிகள் பலவற்றில் ஓடுவது அதற்கு முந்தைய கர்னல்தான். எது ஓடுகிறது என்று தெரியாதவரை, அசல் பீரோவிலேயே இருக்கட்டும்.